கணிப்பொறியின் நீலத்திரை: ஓர் ஆய்வு

காய்ச்சல் நோயன்று, உடலுக்குள் நிகழும் ஏதோவொரு கேட்டின் அறிகுறி என்பர் மருத்துவர். வீட்டுக் கணிப்பொறியில் தோன்றும் நீலத்திரையும் அத்தகையதே. கட்டுரையொன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில், யாதொரு முன்னறிவிப்புமின்றி இயந்திரம் நின்றுவிடுகிறது. திரை முழுவதும் நீலம் பரவுகிறது. வெள்ளை எழுத்தில் இரண்டொரு ஆங்கில வரிகள் தோன்றுகின்றன. அவற்றைப் படித்து முடிக்குமுன் இயந்திரம் தானே அணைந்து, தானே மீண்டும் தொடங்குகிறது. காலையில் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை, அதன்பின் மூன்று நாட்கள் ஒன்றுமில்லை. நான்காம் நாள், சும்மா பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடியும் வந்து நிற்கிறது.

இவ்வாறு ஒழுங்கின்றி வருவதால், இதற்குக் காரணமே இல்லை என்றும், கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்றும் பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அதனினும் மோசமான முடிவு, காரணம் எதுவாயினும் ஃபார்மட் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்பது. காய்ச்சல் என்றவுடன் என்ன ஏதென்று கேளாமல் ஊசி போடுவதைப் போன்றது இது. நீலத்திரை வரும் நேரம் ஒழுங்கற்றதாயினும் அதன் காரணம் ஒழுங்கானதே என்பதையும், அக்காரணத்தைத் தேடிப் பிடிக்க நம் ஆய்வுக்கூடத்தில் கற்கும் முறையே போதும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நீலத்திரை என்பது யாது?

கணிப்பொறியில் ஓடும் நிரல்கள் இருவகைப்படும். நாம் நேரடியாகப் பயன்படுத்தும் எழுத்துச் செயலி, உலாவி, விளையாட்டுகள் போன்றவை ஒருவகை. இவை ஒவ்வொன்றுக்கும் வேலியிட்ட ஒரு நிலம் உண்டு. பக்கத்து நிலத்தில் கால்வைக்க முடியாது. ஒன்று கெட்டால் அதனை மட்டும் மூடிவிடலாம். மற்றவை தொடர்ந்து ஓடும். கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கருவும், அதனோடு சேர்ந்தியங்கும் டிரைவர்களும் மற்றொரு வகை. டிரைவர் என்பது அச்சுப்பொறி, ஒலிப்பலகை, படப்பலகை போன்ற ஒரு குறிப்பிட்ட கருவியை இயக்கத் தெரிந்த நிரல். இவ்வகை நிரல்களுக்கு வேலி கிடையாது. நினைவகத்தின் எந்தப் பகுதியையும் இவை தொடலாம். ஆகவே இங்கே ஒரு பிழை நேர்ந்துவிட்டால், நினைவகத்தில் எது கெட்டுவிட்டது, எது நன்றாயிருக்கிறது என்று பிரித்தறிய வழியில்லாமற் போகிறது.

அந்நிலையில் விண்டோஸ் செய்வது என்ன? வங்கியில் பணம் வழங்கிக்கொண்டிருக்கும் காசாளர், தம் பேரேட்டில் ஓர் எண் பொருந்தவில்லை என்று கண்டால், வரிசையில் நிற்போர் முணுமுணுத்தாலும் கூண்டை அடைத்துவிட்டு மேலாளரை அழைக்கிறார் அல்லவா? அவ்வாறே, தவறான கணக்கை வைத்துக்கொண்டு வட்டில் எதையேனும் எழுதித் தொலைப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்று இயங்குதளம் தானாகவே நின்றுவிடுகிறது. நிற்குமுன், அந்நேரத்தில் நினைவகத்தில் இருந்தவற்றின் ஒரு பகுதியை வட்டில் பதிந்துவைக்கிறது. ஆக, நீலத்திரை என்பது விபத்தன்று. விபத்தைக் கண்டு போடப்பட்ட பிரேக். பிரேக் போட்டவரைத் திட்டுவதில் பயனில்லை.

இந்த ஏற்பாடு 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 3.1 தொட்டே உள்ளது. 1998 ஏப்ரலில் சிகாகோ நகரில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நின்றிருக்க, விண்டோஸ் 98-ஐ விளக்கிக் காட்டும் பொருட்டு ஸ்கேனர் ஒன்றை இணைத்தபோது அனைவர் முன்னிலையிலும் நீலத்திரை தோன்றியது. கூடியிருந்தோர் சிரித்துக் கைதட்டினர். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது திரையில் ஒரு சோகமுகம் சேர்ந்தது. 2025-இல் விண்டோஸ் 11-இல் நீலமே நீக்கப்பட்டுக் கறுப்புத் திரையாகிவிட்டது. நிறம் எதுவாயினும் செய்தி ஒன்றே. பழகிய பெயராதலால் இங்கு நீலத்திரை என்றே வழங்குவோம்.

வேலியற்ற நிரலொன்று தவறினால் என்னவாகும் என்பதை உலகம் 2024 ஜூலை 19 அன்று கண்டது. கிரவுட்ஸ்டிரைக் எனும் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறு புதுப்பிப்பு 21-ஆவது உள்ளீட்டையும் எதிர்பார்த்தது; நிரலிலோ 20 உள்ளீடுகளே இருந்தன; அது 21-ஆவதையும் தேடிச் சென்று, இல்லாத இடத்தைப் படிக்க முயன்றது. அந்நிரல் கெர்னலுக்குள் இயங்குவது. விளைவு, சுமார் 85 இலட்சம் கணிப்பொறிகளில் நீலத்திரை. நம் நாட்டு விமான நிலையங்களிற்கூட அன்று போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

குறியீடு காட்டுவதும் காட்டாததும்

நீலத்திரையில் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். அதற்கோர் எண்ணும் உண்டு. இதனை ஸ்டாப் கோடு என்பர். முதலில் அதனைப் படிக்க நேரம் வேண்டும். 'சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' என்பதன் கீழ் 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி' என்றோர் அமைப்பு உள்ளது. அதில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கெதிரே உள்ள குறியை நீக்கிவிட்டால், நாமே அணைக்கும்வரை திரை நிற்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். படமெடுக்கத் தவறினாலும் கவலையில்லை. சி டிரைவில் விண்டோஸ் எனும் கோப்புறைக்குள் மினிடம்ப் எனும் உட்கோப்புறையில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கோப்பு, தேதியுடன் சேர்ந்திருக்கும். மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக் எனும் கருவியைக் கொண்டு அதனைத் திறந்தால், எந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தபோது நின்றது என்பது தெரியவரும்.

சில குறியீடுகள் நேராகவே பேசும். 116 என்ற எண்ணுடைய 'வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்' வந்தால், படப்பலகை உரிய நேரத்தில் விடையளிக்கவில்லை என்று பொருள். '7ஏ' வந்தால் வட்டிலிருந்து படிக்க வேண்டிய பகுதி ஒழுங்காக வரவில்லை; வட்டையும் அதன் கேபிளையும் சோதிக்க வேண்டும். 124 என்பது வன்பொருளே தன் பிழையைத் தானே அறிவிப்பது. செயலி, மின்வழங்கி, மிகைவேகம் ஆகியவற்றை ஐயுற வேண்டும். 'டி1' எனில் பெரும்பாலும் டிரைவர்.

ஆனால் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', 'மெமரி மேனேஜ்மென்ட்', 'ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்' போன்றவை வரும்போதுதான் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். இவை பிழை எங்கே *கண்டுபிடிக்கப்பட்டது* என்பதைத்தான் சொல்கின்றன. எங்கே *பிறந்தது* என்பதைச் சொல்வதில்லை. நெல் மூட்டையில் குறைவு இருப்பதைக் கடைசியில் நிறுத்துப் பார்ப்பவர் கண்டுபிடிக்கிறார் என்பதற்காக அவரையே திருடர் என்று பிடித்துவிட முடியுமா?

இதற்கு 2024-இல் நிகழ்ந்த ஒன்று நல்ல சான்று. இன்டெல் நிறுவனத்தின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளைக் கொண்ட இயந்திரங்களில் விளையாட்டுகள் அடிக்கடி நின்றுபோயின. 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று திரையில் செய்தி வந்தது. படப்பலகையைக் குறை கூறாதார் இல்லை; புதிது வாங்கி மாட்டியவர்களும் உண்டு. குறையோ படப்பலகையில் இல்லை. செயலிக்குள் இருந்த நுண்நிரல் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியதால் செயலியே மெல்ல மெல்ல நலிந்துவந்தது என்று அவ்வாண்டு ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. திருத்திய நுண்நிரலை ஆகஸ்டில் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. முன்பே நலிந்துவிட்ட செயலிகளை அத்திருத்தத்தால் மீட்க இயலவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

எனவே ஒரு குறியீட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது. ஐந்தாறு குறியீடுகளைச் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரையே பிடிக்கலாம்; அதன் பழைய பதிப்புக்கோ புதிய பதிப்புக்கோ மாறிப் பார்க்கலாம். ஒருமுறை படப்பலகை டிரைவர், ஒருமுறை வைரஸ் தடுப்பான், ஒருமுறை கெர்னல் என்று குற்றவாளி மாறிக்கொண்டே வந்தால், அத்தனை நிரல்களும் ஒரே வாரத்தில் கெட்டுப்போயிருக்கும் என்று நம்புவதைவிட, அவையனைத்தும் நின்றிருக்கும் தரையே ஆட்டங்கண்டுள்ளது என்று கொள்வது அறிவுடைமை. அத்தரை பெரும்பாலும் ரேம் எனப்படும் நினைவகப் பலகை.

ஒரு வீட்டுக் கணிப்பொறியின் வரலாறு

சக மாணவர் ஒருவரின் தமக்கையார் வீட்டிலேயே ஜாப் டைப்பிங் செய்பவர். ஆய்வேடுகள், அழைப்பிதழ்கள், வழக்குமன்ற மனுக்கள் இவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்து வரும் வருவாயே அக்குடும்பத்தின் பெரும்பகுதிச் செலவை ஈடுசெய்கிறது. பழையதாக வாங்கிய அசெம்பிள் இயந்திரம். 4 ஜி.பி. அளவுள்ள ரேம் பலகைகள் இரண்டு. முனைவர் பட்ட ஆய்வேடொன்று கையிலிருந்த வேளையில் நீலத்திரை தொடங்கியது. கடையில் கொடுத்தார்கள், ஃபார்மட் செய்து தந்தனர். நான்கு நாட்களில் மீண்டும் வந்தது. மறுபடி ஃபார்மட். மறுபடி வந்தது. மூன்றாம் முறை, "போர்டு போயிடுச்சு, மாத்திடுங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன தொகை அக்குடும்பத்தின் ஒரு மாத வாடகையை விஞ்சியது.

அந்நிலையில்தான் நாங்கள் இருவரும் பார்க்கத் தொடங்கினோம். முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். நீலத்திரை வந்த தேதி, மணி, அப்போது திறந்திருந்த நிரல், குறியீடு ஆகிய நான்கு பத்திகள். அக்கா அலுப்பில்லாமல் எழுதிவந்தார். 14 நாட்களில் 7 முறை. 'பேஜ் ஃபால்ட்' மூன்று, 'மெமரி மேனேஜ்மென்ட்' இரண்டு, மற்றவை ஒவ்வொன்று. மினிடம்ப் கோப்புகள் காட்டிய நிரல்களோ ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வேறு வேறு.

மின்சாரத்தையும் விட்டுவிடவில்லை. மின்னழுத்தம் தாழ்ந்தோ எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்தோ நின்றால், பெரும்பாலும் நீலத்திரையே வராது. விளக்கணைந்ததுபோல் இயந்திரம் சட்டென்று போய்விடும். மினிடம்ப்பும் எழுதப்பட்டிராது. ஈவென்ட் வியூவர் எனும் நிகழ்ச்சிப் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அதனுள் 'பக்செக் கோடு' என்னுமிடத்தில் 0 என்றிருக்கும். இங்கோ ஏழு முறையும் மினிடம்ப் இருந்தது. எனவே யு.பி.எஸ்.மீதிருந்த ஐயம் நீங்கியது. வெப்பத்தைப் பொறுத்தமட்டில், இக்காலச் செயலிகள் சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லை மீறினால் அணைந்துவிடும். ஆகவே 'சூட்டினால் ப்ளூ ஸ்கிரீன்' என்று கடைகளில் எளிதாகச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இருப்பினும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுள்ள அறையாதலால் மின்விசிறியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தோம். நீலத்திரை நிற்கவில்லை.

இருமுறை ஃபார்மட் செய்தும் நோய் தீராதது வீண்செலவுதான் என்றாலும், ஆராய்ச்சி நோக்கில் அதுவும் ஒரு சான்று. விண்டோஸ் கோப்புகளின் சிதைவு காரணமாயிருந்திருந்தால் போயிருக்க வேண்டும். டிரைவர் காரணமாயிருக்கலாம் என்ற வாய்ப்பு மட்டும் எஞ்சியது, ஏனெனில் கடைக்காரர் அதே டிரைவரையே மீண்டும் போட்டிருக்கக்கூடும். ஆனால் குற்றவாளியின் பெயர் மாறிக்கொண்டிருந்தது அவ்வாய்ப்பைப் பலவீனமாக்கிற்று.

இனி ரேம். இங்கே சற்று நின்று, அதன் அமைப்பைப் பார்ப்பது நல்லது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாகத் தங்கியிருக்கிறது. அம்மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் ஒவ்வோர் அறையையும் பொதுவாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை படித்துப் புதுப்பிக்க வேண்டும். 4 ஜி.பி. பலகை ஒன்றில் இத்தகைய அறைகள் சுமார் 3,436 கோடி. அவற்றுள் ஒன்றே ஒன்று கசிவு மிகுந்து போனாலும் அங்கு வைத்த எழுத்து மாறிவிடும்.

ஒழுங்கின்மையின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. பழுதான அறை அசைவதில்லை. அது என்றும் அதே இடத்தில்தான் உள்ளது. அவ்வறையில் *யார் குடியிருக்கிறார்* என்பதே ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இயந்திரத்தைத் தொடங்குந்தோறும் விண்டோஸ் நிரல்களையும் தரவுகளையும் வேறு வேறு அறைகளில் குடியமர்த்துகிறது. கெர்னலுக்குரிய ஒரு முகவரி அங்கே வந்து தங்கினால் நீலத்திரை. உலாவியின் நிரல் தங்கினால் உலாவி மட்டும் மூடிக்கொள்ளும். ஒரு படத்தின் புள்ளி தங்கினால், ஆயிரக்கணக்கான புள்ளிகளுள் ஒன்றின் நிறம் மாறும். யாரும் கவனிக்க மாட்டார்கள். எவருமே குடிவராத நாட்களில் இயந்திரம் நலமாயிருப்பதுபோல் தோன்றும். மூன்று நாள் நன்றாயிருந்தது என்பதன் பொருள் இதுவே.

இன்னொன்றும் குடிவரக்கூடும், அது அக்கா தட்டச்சு செய்த ஆய்வேடு. வட்டில் சேமிக்கப்படுமுன் அப்பக்கங்கள் ரேமில்தான் இருக்கின்றன. அங்கே மாறிய ஒரு பிட் அப்படியே வட்டுக்குப் போகும். நீலத்திரை வராது, எச்சரிக்கையும் வராது. வேர்டு கோப்பு சுருக்கிக் கட்டப்பட்ட ஒரு மூட்டை. ஒவ்வொரு கட்டுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. ஒரு பிட் மாறினாலும் எண் பொருந்தாது; கோப்பு பழுதென்று திறக்க மறுக்கும். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அவ்வாறுதான் திறக்க மறுத்தது. நீலத்திரையைக் கண்டு அஞ்சியிருந்தோம். உண்மையில் நீலத்திரை வந்த வேளைகளில் இழப்பு ஐந்து நிமிட வேலைதான். வராத வேளைகளில்தான் பெரும்பொருள் கரைந்திருக்கிறது. மூன்றாம் இயலின் முந்தைய வடிவம் ஆய்வாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பப்பட்டிருந்ததால் அதனைப் பெற்றோம். அதன்பின் சேர்த்திருந்த 11 பக்கங்களை அக்கா மீண்டும் தட்டச்சு செய்ய நேர்ந்தது.

இதனால் ஒரு நடைமுறை விளைகிறது. ரேம்மீது ஐயமெழுந்தால் கோப்புகளை உடனே பென் டிரைவில் நகலெடுப்பதுகூடப் பாதுகாப்பன்று. நகலும் அதே ரேம் வழியாகத்தானே போகிறது! முதலில் ரேமைச் சோதித்து நல்ல பலகையை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு நகலெடுத்து, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துவிட வேண்டும்.

சோதனைக்கு விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்றொரு கருவி உண்டு. அதைவிடக் கண்டிப்பானது மெம்டெஸ்ட்86. பென் டிரைவில் பதிந்து, விண்டோஸ் தொடங்குமுன்பே அதனைத் தொடங்கலாம். அது 0-வும் 1-உமாகப் பலவகைக் கோலங்களை எல்லா அறைகளிலும் எழுதி, திரும்பப் படித்து, மாறுபட்ட முகவரியைச் சிவப்பில் காட்டும். ஒருமுறை ஓடிப் பிழையில்லை என்றவுடன் நிறுத்திவிடக் கூடாது. நான்கு சுற்றாவது ஓடட்டும். இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம்.

இரண்டு பலகைகளும் மாட்டியிருந்த நிலையில் இரண்டாம் சுற்றில் பிழை தெரிந்தது. ஆனால் பிழை பலகையிலா, பலகை செருகப்பட்ட துளையிலா? துளையில் எனில் மதர்போர்டு என்று கடைக்காரர் சொன்னதே சரியாகிவிடும். இங்கேதான் கேரி ஃபாஸ்டர் சமனச்சுற்று நினைவுக்கு வந்தது. இரண்டு மின்தடைகளை இடம் மாற்றி இருமுறை அளவெடுப்பதால் சுற்றின் முனைப்பிழை நீங்குகிறதல்லவா? அதே உபாயம்தான். பலகைகளை அ, ஆ என்றும் துளைகளை 1, 2 என்றும் பெயரிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பலகையை மட்டும் செருகி நான்கு இரவுகள் சோதித்தோம். அ பலகை 1-இல் பிழையில்லை, 2-இலும் இல்லை. ஆ பலகை 1-இல் பிழை; 2-இலும் அதே முகவரியில் அதே பிழை. எழுதியது 0, படித்தது 1. பிழை பலகையோடு சென்றது, துளையில் தங்கவில்லை. மதர்போர்டு குற்றமற்றதாயிற்று.

பழுது பார்ப்போர் ரேமின் பொன்முலாம் பூசிய முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவர். இது மூடநம்பிக்கையன்று, முனையில் படிந்த அழுக்கு தொடர்பைக் கெடுப்பது உண்மையே. ஆனால் பலர் ரப்பரால் தேய்ப்பது, தூசி தட்டுவது, டிரைவர் மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடுகின்றனர். பிறகு எது குணமாக்கியது என்பது தெரியாது. நோய் திரும்பினால் எங்கே தொடங்குவதென்பதும் தெரியாது. ஆ பலகையைத் தேய்த்து, வேறெதையும் தொடாமல் மறுபடி சோதித்தோம். பிழை அப்படியே இருந்தது. அதன்பிறகே அதனை ஒதுக்கினோம்.

கைவைக்குமுன் கவனிக்க வேண்டியது ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றி, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டபிறகே பலகையைத் தொட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச மதிப்பு சுமார் 325 வோல்ட் அல்லவா? பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதற்கு நெருங்கிய அழுத்தம் உள்ளேயிருக்கும் மின்தேக்கியில் தங்கியிருக்கக்கூடும்.

இவ்விடத்தில் நம் துறை நண்பர்கள் ஒரு வினா எழுப்பக்கூடும். பிட் மாறுவதற்குக் கதிர்வீச்சும் காரணமாகலாமே? உண்மைதான். சில்லுகளின் மேலுறையில் இருந்த யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் சுவடுகள் உமிழும் ஆல்ஃபா துகள்கள் நினைவகப் பிட்டுகளை மாற்றுகின்றன என்பதை இன்டெல்லைச் சேர்ந்த திமோத்தி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் 1970-களின் இறுதியில் காட்டினர். விண்கதிர்களுக்கும் அந்த ஆற்றல் உண்டு. ஆனால் 2009-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தாரும் கூகுள் நிறுவனத்தாரும் கூகுளின் கணிப்பொறிக் கூடங்களில் செய்த ஆய்வில், ஆண்டொன்றுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை காணப்பட்டது. அவற்றுள் பெரும்பான்மை வந்துபோகும் கதிர்ப்பிழைகளல்ல, பலகையிலேயே நிலைத்த பழுதுகள் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அக்கூடங்களில் பிழை திருத்தும் ரேம் உண்டு; நம் வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் இல்லை. ஆகவே 14 நாட்களில் ஏழுமுறை நின்ற இயந்திரத்துக்கு விண்வெளியைக் குறை கூறுவது பொருந்தாது.

எத்தனை நாள் காத்திருப்பது?

பழுதான பலகையை எடுத்துவிட்டு, அ பலகை ஒன்றை மட்டும் வைத்து இயந்திரத்தை ஓட்டினோம். மறுநாள் நீலத்திரை வரவில்லை. "சரியாகிடுச்சு தம்பி" என்றார் அக்கா. ஆனால் முன்பும் மூன்று நாள் வராமல் இருந்ததுண்டே! எத்தனை நாள் கழித்துக் குணமாயிற்று என்று சொல்லலாம்?

இதற்குப் புள்ளியியல் வகுப்பில் படிக்கும் பாய்சான் பரவல் கைகொடுக்கிறது. 14 நாட்களில் 7 முறை என்றால் சராசரி இடைவெளி 2 நாட்கள். நோய் தீரவேயில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தற்செயலாக ஒரு நாள் முழுவதும் வராமலிருக்க 61 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இரண்டு நாள் வராமலிருக்க 37 விழுக்காடு. நான்கு நாள் எனில் 14 விழுக்காடு. ஆறு நாள், அதாவது சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காத்திருந்தால், அவ்வாய்ப்பு 5 விழுக்காடாகச் சுருங்குகிறது, இருபதில் ஒன்று. கடையிலிருந்து வந்தவுடன் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது எவ்வளவு குறைந்த சான்றின்மேல் கொடுப்பது என்பது இதனால் விளங்கும். வாரத்துக்கொருமுறை மட்டும் வரும் நீலத்திரையானால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

இக்கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. காத்திருக்கும் நாட்களிலும் இயந்திரத்துக்கு முன்பிருந்த அளவு வேலை கொடுக்க வேண்டும். பயந்துகொண்டு பாதி நேரம் அணைத்து வைத்தால் கணக்குத் தவறிவிடும். அக்கா வழக்கம்போல் நாள்தோறும் எட்டு மணி நேரம் தட்டச்சு செய்தார். 4 ஜி.பி.யில் இயந்திரம் கொஞ்சம் மந்தமாகத்தான் ஓடிற்று. ஆறு நாட்களும் கழிந்தன, நீலத்திரை வரவில்லை. ஏழாம் நாள் நோட்டுப் புத்தகத்தையும் மெம்டெஸ்ட் காட்டிய சிவப்பு வரிகளின் படத்தையும் எடுத்துக்கொண்டு வேறொரு கடைக்குச் சென்று, அதே வகையில் ஒரு பழைய 4 ஜி.பி. பலகையைக் கேட்டோம். மதர்போர்டுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பிழை கண்டால் மாற்றித் தர வேண்டுமென்று சொல்லி வாங்கிவந்து, அன்றிரவே அதனையும் நான்கு சுற்று சோதித்தோம். பிழையில்லை. மறுநாள் காலையில் அக்கா நான்காம் இயலைத் தொடங்கினார்.